டெர்மினேஷன் ரெகுலேட்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி: டிடிஆர் போர்டு போடுபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

டிடிஆர் மெமரி பஸ்ஸுக்கு (புராசஸருக்கும் மெமரி சிப்புக்கும் நடுவில் ஓடும் லைன்களின் தொகுப்புக்கு) டெர்மினேஷன் ரெகுலேட்டர் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது அநேகமாக "எத்தனை ஆம்பியர் போடலாம் அண்ணே?" என்பதுதான். சிங்கப்பூரில் உபியிலோ காக்கி புக்கிட்டிலோ போர்டு டிசைன் பார்க்கிற இளைஞர்கள் கேட்கிறார்கள், பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடைசி ஆண்டு புராஜெக்ட் செய்கிற பிள்ளைகளும் கேட்கிறார்கள். தப்பான கேள்வி இல்லை, ஆனால் அது மூன்றாவதாக வரவேண்டியது. அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: இந்தப் பஸ்ஸுக்கு இப்படி ஒரு ரெகுலேட்டர் வேண்டுமா, வேண்டுமென்றால் கரண்ட் எந்தத் திசையில் ஓடப்போகிறது. இரண்டாவதுக்குப் பதில் தெரியாமல் பாகம் எடுத்தால் 10 ஆம்பியர் ரெகுலேட்டர் போட்டாலும் போர்டு தகராறு செய்யும்.

பெயர்களைப் பற்றிச் சில வரிகள். லைனின் கடைசியில் சிக்னல் மோதித் திரும்பாமல் இருக்க ரெசிஸ்டர் வைத்து முடிப்பதுதான் டெர்மினேஷன்; அந்த ரெசிஸ்டர்களின் மறுமுனைக்கு வோல்டேஜ் தருவது டெர்மினேஷன் ரெகுலேட்டர். மெமரி சிப்பின் வெளியீட்டுப் பகுதிக்கு உயிர் கொடுக்கும் வோல்டேஜை 'மெமரி சப்ளை' என்றும், அதில் சரிபாதியாக இருந்து லைன்களின் கடைசி ரெசிஸ்டர்களைத் தாங்கும் வோல்டேஜை 'டெர்மினேஷன் ரெயில்' என்றும், அதே பாதி வோல்டேஜில் ஆனால் கரண்ட் ஏதும் தராமல் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் இருப்பதை 'ரெஃபரன்ஸ்' என்றும் எழுதுகிறேன்.

முதல் படி: உண்மையிலேயே தேவையா?

எந்தத் தலைமுறை மெமரி என்று முதலில் பாருங்கள். முதல் டிடிஆருக்கு மெமரி சப்ளை 2.5 வோல்ட், டெர்மினேஷன் ரெயில் 1.25. டிடிஆர்2-க்கு 1.8, 0.9. டிடிஆர்3-க்கு 1.5, 0.75, அதன் குறைந்த வோல்டேஜ் வகையான டிடிஆர்3எல்லுக்கு 1.35, 0.675. டிடிஆர்4-க்கு 1.2, 0.6.

முதல் தலைமுறையில் டேட்டா லைன்களுக்கும் போர்டிலேயே டெர்மினேஷன் ரெசிஸ்டர் வைக்க வேண்டியிருந்தது. டிடிஆர்2 வந்ததும் டேட்டா பக்கத்து டெர்மினேஷன் சிப்புக்குள்ளேயே போய்விட்டது, அட்ரஸ், கமாண்ட், கன்ட்ரோல் லைன்கள் மட்டும் வெளியே மிஞ்சின. டிடிஆர்4-இல் டேட்டா லைன்கள் பாதி வோல்டேஜுக்கு முடிவதே இல்லை, மெமரி சப்ளைக்கே மேலே இழுக்கப்படுகின்றன. ஆனால் அட்ரஸ் பக்கம் பழையபடி பாதி வோல்டேஜுக்குத்தான் போகிறது, அதனால் டிடிஆர்4-க்கும் டெர்மினேஷன் ரெயில் உண்டு. இதைக் கவனிக்காமல் "டிடிஆர்4-க்கு அது தேவையில்லையாமே" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் டேட்டா பக்கத்தை மட்டும் படித்தவர்கள். டிடிஆர்5-இல் கமாண்ட், அட்ரஸ் டெர்மினேஷனும் சிப்புக்குள் போய்விட்டது, போர்டில் தனி ரெயில் வேண்டாம். எல்பிடிடிஆர்4 வகைகள் தரைக்கு முடிக்கின்றன, அங்கேயும் இந்த ரெகுலேட்டருக்கு வேலையில்லை.

அப்புறம், ஒரே ஒரு டிடிஆர்3 சிப், புராசஸருக்குப் பக்கத்திலேயே ஒட்டினாற்போல இருக்கிறது, டிரேஸ் எல்லாம் குட்டை என்றால், சிமுலேஷன் செய்து பார்த்துவிட்டு டெர்மினேஷன் இல்லாமலே போட்டிருக்கும் போர்டுகள் உண்டு. சிப் தயாரிப்பாளரின் வழிகாட்டுக் குறிப்பு அனுமதித்தால் நீங்களும் செய்யலாம், ஆனால் சிமுலேஷனைத் தவிர்த்துவிட்டுத் தைரியத்தை மட்டும் நம்பிச் செய்யாதீர்கள்.

ரெகுலேட்டரே இல்லாமல் ஒவ்வொரு லைனுக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ரெசிஸ்டர் போடும் வழியும் இருக்கிறது. 50 ஓம் வேண்டுமென்றால் 100 ஓம் மேலே, 100 ஓம் கீழே. மெமரி சப்ளை ஏறி இறங்கினால் பாதியும் தானாகவே கூட ஏறி இறங்கும், அது நல்ல விஷயம். ஆனால் டிடிஆர்3-இல் பஸ் சும்மா இருந்தாலும் ஒவ்வொரு ஜோடியும் 1.5 வோல்ட்டை 200 ஓமில் எரித்துக்கொண்டே இருக்கும்: லைனுக்கு 7.5 மில்லிஆம்பியர். 25 லைன் என்றால் 187 மில்லிஆம்பியர், கிட்டத்தட்ட 0.28 வாட், நாள் முழுக்க. ரெசிஸ்டர் எண்ணிக்கையும் இரண்டு மடங்கு. நாலைந்து லைனுக்கு இது போதும், முழு பஸ்ஸுக்கு நான் போடமாட்டேன்.

இரண்டாம் படி: கரண்ட் எந்தப் பக்கம் ஓடுகிறது?

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

சாதாரண எல்டிஓ (லோ டிராப்அவுட், லீனியர் வகை) ரெகுலேட்டருக்குள் ஒரே ஒரு டிரான்சிஸ்டர், இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவில். அவுட்புட் வோல்டேஜ் இறங்கினால் அதை இன்னும் திறந்து கரண்டை வெளியே தள்ளும். அவுட்புட் ஏறினால்? மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். வெளியிலிருந்து வருகிற கரண்டை உள்ளே வாங்கித் தரைக்கு அனுப்ப அதற்கு வழி கிடையாது. மேலிருந்து தண்ணீர் திறந்துவிடும் குழாய் இருக்கிறது, கீழே வடிகால் இல்லை என்ற மாதிரி.

டிடிஆர் பஸ்ஸில் ஒரு லைன் 'லோ'வில் இருந்தால் டெர்மினேஷன் ரெயிலிலிருந்து கரண்ட் வெளியே போகும். 'ஹை'யில் இருந்தால் லைனிலிருந்து ரெயிலுக்குள் கரண்ட் வரும். பாதி லைன் ஹை, பாதி லோ என்றால் ஒன்றுக்கொன்று கழிந்துவிடும், ரெகுலேட்டருக்கு வேலையே இல்லை. நிஜத்தில் அப்படி அழகாக அமைவதில்லை. டிடிஆர்3-இல் பஸ் சும்மா இருக்கும்போது கமாண்ட் லைன்கள் ஹையில் நிற்கும், அட்ரஸ் லைன்கள் கடைசியாக எதில் இருந்தனவோ அதில் நிற்கும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். டிடிஆர்3, மெமரி சப்ளை 1.5 வோல்ட், டிரைவரின் உள்தடை 40 ஓம், டெர்மினேஷன் ரெசிஸ்டர் 50 ஓம், மொத்தம் 25 லைன். அதில் 20 ஹை, 5 லோ என்று ஒரு கணத்தில் இருக்கிறது. டெர்மினேஷன் ரெயிலுக்கு 0.75 வோல்ட் தரும் ஒரு சாதாரண எல்டிஓவைப் போட்டிருக்கிறோம். 20 லைன் 90 ஓம் வழியாக 1.5-லிருந்து உள்ளே தள்ளுகின்றன, 5 லைன் 90 ஓம் வழியாகத் தரைக்கு இழுக்கின்றன. எல்டிஓ கையைக் கட்டிக்கொண்டு நிற்கும், ரெயில் தானாக 1.5-இல் ஐந்தில் நான்கு பங்குக்கு, அதாவது 1.2 வோல்ட்டுக்கு ஏறிவிடும்.

இப்போது லோவில் இருக்கிற அந்த ஐந்து லைன்களைப் பாருங்கள். ரெயில் சரியாக 0.75-இல் இருந்திருந்தால் லோ லைனின் வோல்டேஜ் 0.75-ஐ 90-ஆல் வகுத்து 40-ஆல் பெருக்கினால் வரும் 0.33 வோல்ட். ரெயில் 1.2-க்குப் போனதால் அது 0.53 வோல்ட். டிடிஆர்3-இல் ரெஃபரன்ஸுக்குக் கீழே 175 மில்லிவோல்ட் இறங்கினால்தான் லோ என்று எடுத்துக்கொள்ளும் வகைக்கு எல்லை 0.575. முன்பு 242 மில்லிவோல்ட் இடம் இருந்தது, இப்போது 42. அதில் இரைச்சல், பக்கத்து லைன் கலப்பு, ரிஃப்ளெக்ஷன் எல்லாம் சேர்ந்தால் என்ன மிஞ்சும்? இதில் கொடுமை, மல்டிமீட்டரில் பார்த்தால் சராசரி ஓரளவு சரியாகவே காட்டலாம். சில அட்ரஸ் பேட்டர்னில் மட்டும் மெமரி டெஸ்ட் தோற்கும், மறுபடி ஓட்டினால் பாஸாகும், ஆளுக்கு ஆள் சாஃப்ட்வேரைக் குறை சொல்லிக்கொண்டு ஒரு வாரம் ஓடிவிடும்.

ஆகவே டிடிஆருக்கு விதி ஒன்றே: கரண்டைத் தரவும் வேண்டும், வாங்கவும் வேண்டும். தரவுத்தாளின் முதல் பக்கத்திலேயே 'சோர்ஸ்', 'சிங்க்' இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் தனித்தனி கரண்ட் எல்லை கொடுத்திருந்தால் சின்ன எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

மற்ற பஸ்களுக்கு இதே கேள்வி வேறு பதில் தரும். ஜிடிஎல் (பழைய புராசஸர் பஸ்களில் வந்த சிக்னல் முறை) வகை லைன்கள் ஓபன் டிரெயின், தரைக்கு இழுக்க மட்டுமே தெரியும், டெர்மினேஷன் வோல்டேஜ்தான் மேலே இழுக்கிறது. அங்கே சோர்ஸ் மட்டும் போதும், நல்ல எல்டிஓ தாராளமாகச் செய்யும். ஹார்ட் டிஸ்க்குகளை இணைத்த பழைய ஸ்கஸி பஸ்ஸில் 110 ஓம் ரெசிஸ்டர்களை 2.85 வோல்ட்டுக்கு முடித்தார்கள், 1117 குடும்ப ரெகுலேட்டர்களில் 2.85 வோல்ட் என்று ஒரு விசித்திரமான வகை இருப்பதற்குக் காரணம் அதுதான். எல்விபெக்கல் (வேகமான கிளாக் லைன்களில் வரும் சிக்னல் முறை) முற்றிலும் தலைகீழ்: சப்ளையிலிருந்து 2 வோல்ட் கீழே முடிக்க வேண்டும், அதாவது 3.3-க்கு 1.3 வோல்ட். ஹையில் சுமார் 22 மில்லிஆம்பியர், லோவில் சுமார் 6 மில்லிஆம்பியர், இரண்டு நிலையிலும் கரண்ட் ரெயிலுக்குள்ளேயே வரும். அங்கே எல்டிஓ போட்டால் அது ஒருபோதும் வேலை செய்யாது, வாங்கத் தெரிந்த ரெகுலேட்டர்தான் வேண்டும்.

மூன்றாம் படி: எத்தனை ஆம்பியர்?

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். சூத்திரம் எளிது. ஒரு லைனுக்கு: மெமரி சப்ளையில் பாதி, வகுத்தல் டிரைவர் தடையும் டெர்மினேஷன் ரெசிஸ்டரும் சேர்ந்தது. எல்லா லைனும் ஒரே பக்கம் நிற்பதாக வைத்துக்கொண்டு லைன் எண்ணிக்கையால் பெருக்குங்கள்.

டிடிஆர்3-க்கு லைன்களை எண்ணுவோம். அட்ரஸ் 16, பேங்க் 3, ராஸ், காஸ், ரைட் எனேபிள் என்று 3, சிப் செலக்ட், கிளாக் எனேபிள், ஓடிடி (சிப்புக்குள் இருக்கும் டெர்மினேஷனை இயக்கும் லைன்) என்று 3. ஆக 25. ரீசெட் லைனுக்கு டெர்மினேஷன் கிடையாது. கிளாக் ஜோடியையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அதற்குத் தனி டெர்மினேஷன். 0.75-ஐ 90-ஆல் வகுத்தால் 8.3 மில்லிஆம்பியர், 25 லைனுக்கு 208 மில்லிஆம்பியர்.

டிடிஆர்4-இல் அட்ரஸ் 17, பேங்கும் பேங்க் குரூப்பும் சேர்த்து 4, ஆக்டிவேட், பாரிட்டி, சிப் செலக்ட், கிளாக் எனேபிள், ஓடிடி என்று 5, மொத்தம் 26. லைனுக்கு 0.6-ஐ 90-ஆல் வகுத்து 6.7 மில்லிஆம்பியர், மொத்தம் 173. அலர்ட் லைன் மெமரி சப்ளைக்கு இழுக்கப்படுவது, அதை இதில் சேர்க்காதீர்கள்.

பார்த்தீர்களா, கால் ஆம்பியருக்குள் முடிந்துவிட்டது. அப்படியானால் சந்தையில் ஏன் எல்லாம் 3 ஆம்பியர் என்று கிடக்கிறது? முதல் டிடிஆர் காலத்து மிச்சம் அது. அப்போது டேட்டா லைன்களும் வெளியே முடிந்தன, எஸ்எஸ்டிஎல்-2 (முதல் டிடிஆரின் சிக்னல் தரநிலை) இரண்டாம் வகுப்பு டிரைவர் ஒரு லைனுக்கு 16.2 மில்லிஆம்பியர் வரை ஓட்டும், 120 லைன் என்றால் 1.94 ஆம்பியர். அந்தக் காலத்துக்கு 3 ஆம்பியர் நியாயமான எண்.

இன்றைக்கு 3 ஆம்பியர் பாகத்தை வாங்குவதில் தப்பில்லை, விலை வித்தியாசம் பெரிதில்லை, எளிதாகவும் கிடைக்கிறது. ஆனால் அந்த 3-ஐப் பார்த்து மிரண்டு காப்பரைப் பெரிதாக்கி, மெமரி சப்ளைக்கு 3 ஆம்பியர் கூடுதல் ஒதுக்கி, ஹீட் கணக்கையும் 3 ஆம்பியருக்குப் போட்டு டிசைனை ஊதிப் பெரிதாக்குவதுதான் வேண்டாத வேலை. உங்கள் கணக்கில் வந்ததை இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இரண்டு சேனல், பல மாட்யூல் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனியாக எண்ணிக் கூட்டுங்கள்.

நான்காம் படி: லீனியரா, ஸ்விட்சிங்கா?

ஒரு ஆம்பியருக்குள் என்றால் லீனியர். யோசிக்கவே வேண்டாம். இண்டக்டர் இல்லை, ரிப்பிள் இல்லை, இடமும் குறைவு.

நிறைய மாட்யூல் வைத்த பெரிய சர்வர் போர்டு மாதிரி இருந்தால் ஸ்விட்சிங் பக்கம் போகலாம், ஆனால் அதில் இரண்டு கண்ணிகள். ஒன்று, லேசான லோடில் திறனைக் கூட்டுவதற்காகப் பல பக் கன்வெர்ட்டர்கள் (வோல்டேஜை இறக்கும் ஸ்விட்சிங் ரெகுலேட்டர்கள்) டையோடு மாதிரி நடந்துகொள்ளும் முறைக்குத் தானாக மாறும். அந்த முறையில் அவை கரண்டை வாங்காது, எல்டிஓ கதைதான் மறுபடியும். எப்போதும் தொடர் கடத்தல் முறையில் கட்டாயமாக ஓடவைக்கும் பின் அல்லது அமைப்பு இருக்க வேண்டும். இரண்டு, ஸ்விட்சிங் ரெகுலேட்டர் வாங்குகிற கரண்டைத் தரைக்கு விட்டு எரிப்பதில்லை, தன் இன்புட்டுக்கே திருப்பி அனுப்பும். இன்புட் ரெயிலில் அதைத் தின்ன வேறு லோடு இல்லை என்றால் அந்த ரெயில் மெல்ல ஏற ஆரம்பிக்கும். மெமரி சப்ளையிலிருந்தே எடுத்தால் மெமரியே அதைத் தின்றுவிடும், பிரச்சினை இல்லை.

ஐந்தாம் படி: இன்புட் எங்கிருந்து, சூடு எவ்வளவு

லீனியர் டெர்மினேஷன் ரெகுலேட்டர்களில் அநேகமாக இரண்டு இன்புட் இருக்கும்: உள்ளே இருக்கும் கன்ட்ரோல் சர்க்யூட்டுக்கு ஒன்று, கரண்ட் ஓடும் வழிக்கு ஒன்று. கன்ட்ரோல் பக்கம் 3.3 வோல்ட்டோ 5 வோல்ட்டோ பாகத்தைப் பொறுத்து. கரண்ட் வழியை எதில் கட்டுவது என்பதில்தான் சூடு முடிவாகிறது.

கரண்ட் தரும்போது எரிவது: இன்புட்டுக்கும் ரெயிலுக்கும் உள்ள வித்தியாசம் பெருக்கல் கரண்ட். வாங்கும்போது எரிவது: ரெயில் வோல்டேஜ் பெருக்கல் கரண்ட், இன்புட் என்னவாக இருந்தாலும் இது மாறாது. டிடிஆர்3-இல் இன்புட்டை மெமரி சப்ளையில் கட்டினால் இரண்டும் சமம், 208 மில்லிஆம்பியருக்கு 0.16 வாட். "3.3 வோல்ட் பக்கத்திலேயே ஓடுதே" என்று அதில் கட்டினால் தரும்போது 2.55 பெருக்கல் 0.208, அதாவது 0.53 வாட். பாகத்தின் வெப்பத்தடை வாட்டுக்கு 55 டிகிரி என்று வைத்துக்கொண்டால் முன்னதில் 9 டிகிரி ஏறும், பின்னதில் 29.

29 டிகிரி என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஏர்கான் ஓடும் லேப்பில் 24 டிகிரியில் பெரிய விஷயமே இல்லை. அதே போர்டைக் காற்றோட்டமில்லாத பெட்டியில் அடைத்து எச்டிபி அடுக்குமாடி புளோக்கின் வெளிச்சுவரில் மாட்டிப் பாருங்கள். நம் ஊர் மதியம் 32 டிகிரி, வெயில் பட்ட பெட்டிக்குள் 60-ஐத் தாண்டுவது எளிது, பக்கத்தில் புராசஸர் வேறு சூடாகிக்கொண்டிருக்கும், அதற்கு மேல் இந்த 29. பாகம் செத்துவிடாது, ஆனால் இடம் குறைகிறது, அதுவும் தேவையே இல்லாமல். தரவுத்தாளில் உள்ள வெப்பத்தடை அவர்களுடைய சோதனைப் போர்டில் அளந்தது, அடியிலுள்ள தெர்மல் பேடுக்குக் கீழே நீங்கள் வயா (லேயர்களை இணைக்கும் துளை) போடவில்லை என்றால் அந்த எண் உங்களுக்குப் பொருந்தாது.

மெமரி சப்ளையைவிடக் குறைந்த ரெயில் ஏதாவது போர்டில் இருந்தால் அதிலும் கட்டலாம், தரும்போது சூடு இன்னும் குறையும். கடைசி வரை வோல்டேஜ் தாக்குப்பிடிக்குமா என்று டிராப்அவுட்டை (இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் குறைந்தது வேண்டிய வித்தியாசத்தை) மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மெமரி சப்ளையில் கட்டினால் அந்த சப்ளையின் பட்ஜெட்டில் இந்த 208 மில்லிஆம்பியரையும் சேர்த்து எழுத மறக்காதீர்கள்.

ஆறாம் படி: பாதியைப் பின்தொடர்கிறதா?

டெர்மினேஷன் ரெயில் 0.75 என்ற நிலையான எண் அல்ல. மெமரி சப்ளையில் பாதி. சப்ளை 1.5-லிருந்து 1.46-க்கு இறங்கினால் ரெயில் 0.73 ஆக வேண்டும். அதனால் நிலையான வோல்டேஜ் தரும் பாகமோ, ஃபீட்பேக் ரெசிஸ்டரில் 0.75-க்கு அமைத்த பாகமோ சரிவராது. மெமரி சப்ளையிலிருந்து இரண்டு சம ரெசிஸ்டரால் பாதியாக்கி, அதைப் பார்த்துப் பின்தொடரும் ரெஃபரன்ஸ் இன்புட் உள்ள பாகம் வேண்டும். சில பாகங்களில் அந்த இரண்டு ரெசிஸ்டரும் உள்ளேயே இருக்கும். வெளியே போட்டால் 10 கிலோஓம் இரண்டு, ஒரு சதவீதத் துல்லியம், நடுவில் 1000 பிகோஃபாரட். அந்தப் பாதியாக்கும் மேல் ரெசிஸ்டரை ரெகுலேட்டர் ஓரத்தில் அல்ல, மெமரியின் சப்ளைப் பின்களுக்கு அருகில் இருந்து எடுங்கள்.

ரெஃபரன்ஸும் டெர்மினேஷன் ரெயிலும் ஒரே வோல்டேஜ்தானே, ஒன்றாக இணைத்துவிடலாமே என்று அடிக்கடி ஒருவர் கேட்பார். கூடாது. டெர்மினேஷன் ரெயிலில் நூற்றுக்கணக்கான மில்லிஆம்பியர் கணத்துக்குக் கணம் திசை மாறுகிறது, பத்து இருபது மில்லிவோல்ட் ஆடிக்கொண்டுதான் இருக்கும். ரெஃபரன்ஸ் என்பது ஹையா லோவா என்று தீர்ப்புச் சொல்லும் அளவுகோல். டிடிஆர்3 தரநிலையில் அது மெமரி சப்ளையின் 49-லிருந்து 51 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அதன் மேலுள்ள இரைச்சலும் சப்ளையில் ஒரு சதவீதத்துக்குள். 1.5-க்கு அது 15 மில்லிவோல்ட். நல்ல டெர்மினேஷன் ரெகுலேட்டர்கள் சில மில்லிஆம்பியர் தரும் தனி ரெஃபரன்ஸ் அவுட்புட்டைக் கொடுக்கின்றன, அதைப் பயன்படுத்துங்கள். டிடிஆர்4-இல் டேட்டாவுக்கான ரெஃபரன்ஸ் சிப்புக்குள்ளேயே உருவாகிறது, அட்ரஸ் பக்கத்துக்கு மட்டும் வெளியே வேண்டும்.

ரெயில் எவ்வளவு ஆடலாம்? பழைய டிடிஆர் தரநிலை ரெஃபரன்ஸிலிருந்து இரு பக்கமும் 40 மில்லிவோல்ட் என்று வைத்தது. அதை இன்றும் கையில் வைத்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: கப்பாசிட்டர்

எல்லா லைனும் ஒரே கிளாக்கில் லோவிலிருந்து ஹைக்குப் புரண்டால் ரெயில் கரண்ட் 208 மில்லிஆம்பியர் வெளியே என்பதிலிருந்து 208 உள்ளே என்று மாறும், மொத்தம் 416 மில்லிஆம்பியர் தாவல், நானோநொடிகளில். எந்த ரெகுலேட்டரும் அவ்வளவு வேகமாகத் திரும்பாது. அது விழித்துக்கொள்ள ஒரு மைக்ரோநொடி ஆகும் என்று வைத்தால், 20 மைக்ரோஃபாரட்டில் ரெயில் நகர்வது 21 மில்லிவோல்ட். 40-க்குள் இருக்கிறது, நல்லது. 4.7 மைக்ரோஃபாரட் ஒன்றை மட்டும் வைத்துத் தப்பிக்கப் பார்த்தால் 88.

எக்ஸ்5ஆர் அல்லது எக்ஸ்7ஆர் செராமிக் போடுங்கள். வோல்டேஜ் ஏறினால் செராமிக் கப்பாசிட்டரின் மதிப்பு குறையும் என்ற வழக்கமான தொல்லை இங்கே அவ்வளவாக இல்லை, ரெயிலே 0.75-தான். ரெகுலேட்டர் நிலையாக இருப்பதற்கு எவ்வளவு, எந்த வகை வேண்டும் என்பது பாகத்துக்குப் பாகம் வேறு: புதியவை செராமிக்குக்கே வடிவமைத்தவை, பழையவை 100 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் கேட்கும். பழைய பாகத்துக்குப் பதிலாகப் புதியதைப் போட்டு, கப்பாசிட்டரை மாற்றாமல் விட்டால் சில சமயம் ரெயில் ஊசலாட ஆரம்பிக்கும்.

இதற்கு மேல், டெர்மினேஷன் ரெசிஸ்டர் வரிசையின் ஓரத்திலேயே இரண்டு மூன்று ரெசிஸ்டருக்கு ஒன்று என்று 0.1 மைக்ரோஃபாரட். இதைக் குறைக்கவே வேண்டாம், நானோநொடித் தாவலைத் தாங்குவது இவைதான்.

எட்டாம் படி: எப்போது எழுந்து எப்போது தூங்குகிறது

எஸ்3 தூக்கத்தில் (மெமரியை மட்டும் உயிரோடு வைத்துக் கம்ப்யூட்டர் தூங்கும் நிலை) மெமரி சப்ளையும் ரெஃபரன்ஸும் இருக்க வேண்டும், டெர்மினேஷன் ரெயில் அணையலாம். எனேபிள் பின்னை இழுத்தால் ரெயில் மட்டும் அணைந்து ரெஃபரன்ஸ் நிற்கிறதா என்று தரவுத்தாளில் பாருங்கள். தூக்கமே இல்லாத தொழிற்சாலைப் போர்டு என்றால் இதைக் கடந்து போகலாம். எழும்போது டெர்மினேஷன் ரெயில் மெமரி சப்ளையை முந்தக் கூடாது. டிடிஆர்3 தரநிலை சப்ளை ஏறி முடிந்தபின் இந்த ரெயிலுக்கு 0.95 வோல்ட் என்று உச்சவரம்பும் வைத்திருக்கிறது. பின்தொடரும் வகைப் பாகம், இன்புட்டும் மெமரி சப்ளையிலிருந்தே என்றால் இது தானாக அமைந்துவிடும்.

ஒன்பதாம் படி: பாகத்தைக் கையில் எடுப்பது

பெரும்பாலான புதிய டிசைனுக்கு நான் முதலில் எடுத்துப் பார்ப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஎஸ்51200. இரு பக்கமும் 3 ஆம்பியர், ரெஃபரன்ஸ் அவுட்புட் 10 மில்லிஆம்பியர், 20 மைக்ரோஃபாரட் செராமிக்கில் நிற்கும், 3 மில்லிமீட்டர் சதுரம். எனேபிளை இறக்கினாலும் ரெஃபரன்ஸ் நிற்கும். கவனிக்க வேண்டியது அதன் கன்ட்ரோல் இன்புட் 2.375-லிருந்து 3.5 வோல்ட் வரைதான், 5 வோல்ட்டில் கட்டிவிடாதீர்கள். ஆன்செமியின் என்சிபி51200-ஐ மாற்றாகப் பட்டியலில் போட்டு வையுங்கள், சிப் தட்டுப்பாட்டுக் காலத்தைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது மூலம் ஏன் என்று சொல்லத் தேவையில்லை. எல்பி2996 பழையது, 1.5 ஆம்பியர், எட்டுக் கால் பேக்கேஜிலும் வரும், கையால் சால்டர் செய்கிற மாணவர்களுக்கு வசதி; எந்தத் துணை வகை எந்த டிடிஆருக்கு என்று பார்த்து வாங்குங்கள். மெமரி சப்ளையையும் சேர்த்து ஒரே சிப்பில் வேண்டுமென்றால் டிபிஎஸ்51116: பக் கன்ட்ரோலர், 3 ஆம்பியர் டெர்மினேஷன் எல்டிஓ, ரெஃபரன்ஸ் மூன்றும் அதிலேயே. ஸ்விட்சிங்தான் வேண்டும் என்பவர்களுக்கு இந்த வேலைக்கென்றே செய்த எல்டிசி3413 இருக்கிறது.

அடியில் பேட் உள்ள சின்னப் பேக்கேஜ்களை ரீலைப் பிரித்துவிட்டு மேசையில் போட்டு வைக்காதீர்கள், நம் ஊர் ஈரக்காற்றுக்கு டிரை கேபினட்டில்தான் இருக்க வேண்டும்.

பத்தாம் படி: லேஅவுட், அப்புறம் சோதனை

டெர்மினேஷன் ரெயிலை மேல் லேயரிலேயே அகலமான ஒரு தீவாக, ரெசிஸ்டர் வரிசையை ஒட்டி வரையுங்கள். ரெகுலேட்டர் அந்தத் தீவின் நடுவில் அல்லது ஓரத்தில், தூரத்தில் அல்ல. ரெயில் வோல்டேஜை அளந்து பார்க்கும் சென்ஸ் பின்னை ரெகுலேட்டரின் அவுட்புட் காலிலேயே குட்டையாக இணைத்துவிடுகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. தனி டிரேஸாகத் தீவின் மையத்திலுள்ள கப்பாசிட்டர் வரை கொண்டுபோங்கள், இல்லையென்றால் காப்பரில் இழக்கும் மில்லிவோல்ட்டுகள் ரெகுலேட்டர் கண்ணுக்குத் தெரியாது. ரெஃபரன்ஸ் டிரேஸை இந்தத் தீவிலிருந்து விலக்கி, மெமரியின் ரெஃபரன்ஸ் பின் அருகே 0.1 மைக்ரோஃபாரட்டோடு முடியுங்கள்.

போர்டு வந்ததும் மெமரி டெஸ்ட் ஓட்டுவதற்கு முன் ரெகுலேட்டரைத் தனியாகச் சோதியுங்கள். கரண்ட் தருவதைச் சோதிக்க எல்லாருக்கும் தெரியும்: ரெயிலுக்கும் தரைக்கும் நடுவில் 3 ஓம், அரை வாட் ரெசிஸ்டர், டிடிஆர்3-இல் 250 மில்லிஆம்பியர் போகும். வாங்குவதைச் சோதிக்க அதே ரெசிஸ்டரை ரெயிலுக்கும் மெமரி சப்ளைக்கும் நடுவில் வையுங்கள், 250 மில்லிஆம்பியர் உள்ளே வரும். எலக்ட்ரானிக் பாகங்கள் விற்கும் சிம் லிம் டவரில் சில காசுக்குக் கிடைக்கிற ரெசிஸ்டர், எலக்ட்ரானிக் லோடு எதுவும் தேவையில்லை. இரண்டு நிலையிலும் ரெயிலுக்கும் ரெஃபரன்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை மீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது நிலையில் ரெயில் 1.5 பக்கம் ஏறிக்கொண்டே போனால், நீங்கள் பொருத்தியது வாங்கத் தெரியாத பாகம், அல்லது பில் ஆஃப் மெட்டீரியலில் யாரோ மலிவான 'மாற்று' போட்டுவிட்டார்கள்.

அது சரியாக இருந்தால் ஆசிலோஸ்கோப்பின் நீளமான தரை வயரைக் கழற்றிவிட்டுக் குட்டை ஸ்பிரிங்கைப் போட்டு, ரெகுலேட்டருக்கு மிகத் தூரத்தில் இருக்கும் டெர்மினேஷன் ரெசிஸ்டரின் காலில் ரெயிலைப் பாருங்கள், அட்ரஸ் லைன்கள் எல்லாம் ஒன்றாகப் புரளும் பேட்டர்னை மெமரி டெஸ்டில் ஓட்டிக்கொண்டே. 40 மில்லிவோல்ட்டுக்குள் நின்றால் போர்டைப் பெட்டிக்குள் வைத்து மூடி, சூடு நிலையாகும் வரை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு இதே அளவை மறுபடி எடுங்கள்.